நோட் ஜேஎஸ்-இல் முதல் சர்வர்: ஃபிரேம்வொர்க் இல்லாமல் தொடங்கும் முழு வழிகாட்டி

நோட் கற்றுத் தரும் பாடங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி தொடங்குகின்றன. நோட் நிறுவு, எக்ஸ்பிரஸ் என்ற ஃபிரேம்வொர்க்கை நிறுவு, பத்து வரி அடி, பிரவுசரில் ஹலோ வேர்ல்டு பார். பத்து நிமிடத்தில் ஏதோ ஓடிவிடும். பதினோராவது நிமிடம் ஒரு பிழைச் செய்தி வந்தால், அது ஜாவாஸ்கிரிப்டின் பிழையா, நோடின் பிழையா, எக்ஸ்பிரஸின் பிழையா என்றே தெரியாது. அதனால் இங்கே வரிசையை மாற்றிக்கொள்வோம். நோடுக்குள் ஏற்கெனவே இருப்பதை மட்டும் வைத்து ஒரு சர்வரை எழுதிவிட்டு, எங்கே கை வலிக்கிறது என்று பார்த்த பிறகு எக்ஸ்பிரஸுக்குப் போவோம்.

செய்யப்போவது சின்ன வேலைதான்: நண்பர்களுக்கு இரவல் கொடுத்த புத்தகங்களின் பதிவேடு. பட்டியலைப் பார்க்கலாம், புதிதாகச் சேர்க்கலாம், திரும்பி வந்ததை நீக்கலாம். புத்தகப் பெயர்களும் ஆள் பெயர்களும் தமிழிலேயே இருக்கும். இதை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் சோதித்தால் ஒளிந்துகொள்ளும் சில பிழைகள் தமிழில் சோதித்தால் வெளியே வந்துவிடும்.

உங்களுக்கு ஃபங்ஷன், அரே, ஆப்ஜெக்ட் தெரிந்திருக்க வேண்டும். அசிங்க், அவெய்ட் பற்றி ஓரளவு கேள்விப்பட்டிருந்தால் போதும். காப்பி செய்து ஒட்ட கோட் துண்டுகள் இங்கே இல்லை. எந்த வரி என்ன செய்ய வேண்டும், ஏன் என்று சொல்கிறேன், எழுதுவது நீங்கள். கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் நோடின் அதிகாரபூர்வ ஆவணத்தைப் பக்கத்து டேபில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆவணத்தைப் படிக்கப் பழகுவதே பாதி வேலை.

நோட் என்றால் என்ன

நோட் ஒரு மொழி இல்லை, ஃபிரேம்வொர்க்கும் இல்லை. ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் ஒரு நிரல், அவ்வளவுதான். உள்ளே மூன்று பாகங்கள். கூகுள் குரோமுக்காக எழுதிய வி8 என்ஜின் உங்கள் கோடைப் புரிந்துகொண்டு ஓட்டுகிறது. லிப்யுவி என்ற சி மொழி நூலகம் நெட்வொர்க், ஃபைல், டைமர் போன்றவற்றை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு பேசி முடித்துத் தருகிறது. இந்த இரண்டுக்கும் மேல் எச்டிடிபி, ஃபைல், கிரிப்டோ என்று தயாராக இருக்கும் மாட்யூல்கள்.

ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் யோசனை புதிதல்ல. 1995-இல் பிரெண்டன் ஐக் அந்த மொழியை நெட்ஸ்கேப்பில் உருவாக்கிய கொஞ்ச காலத்திலேயே, நெட்ஸ்கேப் அதை லைவ்வயர் என்ற பெயரில் சர்வர் பக்கமும் கொண்டுபோனது. அது நிலைக்கவில்லை. 2008-இல் குரோமோடு வி8 வந்து ஜாவாஸ்கிரிப்டின் வேகம் கூடியது. 2009-இல் ரயன் டால் நோடை உருவாக்கி, அதே ஆண்டு நவம்பரில் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டில் அறிமுகம் செய்தார். அங்கே அவர் முன்வைத்த வாதம் மொழியைப் பற்றியதைவிட, காத்திருப்பதைப் பற்றியது. டேட்டாபேஸ் பதில் சொல்லும்வரை சர்வர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் அது. கீழே நிகழ்வுச் சுழற்சி பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருவோம்.

பிரவுசரில் பழகியவர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். இங்கே டாக்குமென்ட் இல்லை, விண்டோ இல்லை. பதிலுக்கு, பிரவுசர் தராத ஃபைல் சிஸ்டமும் நெட்வொர்க்கும் முழுதாகக் கையில் இருக்கின்றன.

படி 1: நிறுவுதல்

நோட் பதிப்புகளில் இரட்டைப்படை எண் கொண்டவைதான் நீண்டகால ஆதரவுக்குப் போகின்றன; 22, 24 அப்படிப்பட்டவை. 23 போன்ற ஒற்றைப்படைப் பதிப்புகள் சில மாதங்களில் காலாவதி ஆகிவிடும், அவற்றைத் தொட வேண்டாம். அதிகாரபூர்வ தளத்தில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) என்று குறித்திருப்பதை எடுங்கள்.

விண்டோஸில் அங்கே கிடைக்கும் இன்ஸ்டாலரே போதும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்கள் என்விஎம் என்ற பதிப்பு மேலாளர் வழியாக நிறுவுவது நல்லது. உபுண்டுவின் ஏபிடி தரும் நோட் பெரும்பாலும் பழையது. அதோடு, என்விஎம் இருந்தால், நோடோடு சேர்ந்து வரும் பேக்கேஜ் நிறுவியான என்பிஎம்-இன் கட்டளைகளுக்கு சுடோ (நிர்வாகி அனுமதி) போட வேண்டிய அவசியமே வராது. நிறுவியதும் டெர்மினலில் நோட் --வெர்ஷன் என்று அடித்து எண் வருகிறதா என்று பாருங்கள். பழைய கட்டுரைகளில் 0.12-க்கு அடுத்து திடீரென்று 4 வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2014 கடைசியில் ஒரு குழு ஐஓ.ஜேஎஸ் என்று தனியாகப் பிரிந்துபோனது. 2015-இல் இரண்டும் மறுபடி சேர்ந்து வெளியிட்டதுதான் நோட் 4.

நோட் போலவே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் டெனோ, பன் என்று வேறு இரண்டும் இருக்கின்றனவே, அவற்றில் தொடங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. டெனோவும் ரயன் டால் தொடங்கியதுதான். நோடில் தான் வருந்தும் பத்து விஷயங்களை 2018-இல் மேடையிலேயே பட்டியலிட்டுவிட்டு அதை அறிவித்தார். இரண்டுமே நல்ல கருவிகள். ஆனால் தேடினால் கிடைக்கும் விடைகளும், வேலை இடத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோடும் பெரும்பாலும் நோட்தான். முதலில் இதைக் கற்றுக்கொண்டால் அவற்றுக்கு மாறுவது கடினமில்லை.

படி 2: ப்ராஜெக்ட் ஃபோல்டர்

இரவல் என்ற பொருள் வருமாறு ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் போய் என்பிஎம் இனிட் -ஒய் என்று அடியுங்கள். பேக்கேஜ்.ஜேசன் என்ற ஃபைல் வரும். அதைத் திறந்து டைப் என்ற புலத்தின் மதிப்பை மாட்யூல் என்று மாற்றுங்கள். அந்தப் புலம் இல்லாவிட்டால் சேருங்கள்.

இந்த ஒரு வரி ஏன்? நோடில் இரண்டு மாட்யூல் முறைகள் அருகருகே வாழ்கின்றன. தொடக்கத்திலிருந்தே இருப்பது காமன்ஜேஎஸ், அதில் ரிக்வயர் என்று எழுதி மாட்யூலைக் கொண்டுவருவார்கள். பின்னால் மொழியின் தரமாக வந்தது இம்போர்ட். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் பாதி அப்படி, பாதி இப்படி. இரண்டையும் ஒரே ஃபைலில் கலந்து அடித்துவிட்டு, ரிக்வயர் வரையறுக்கப்படவில்லை என்ற பிழையோடு ஒரு மாலையைத் தொலைப்பவர்கள் நிறையப் பேர். புதிதாகத் தொடங்கும் நீங்கள் இம்போர்ட் என்று முடிவு செய்துவிட்டு அதிலேயே நில்லுங்கள். நோடுக்குள்ளேயே இருக்கும் மாட்யூல்களைக் கொண்டுவரும்போது பெயருக்கு முன்னால் நோட் என்று எழுதி முக்காற்புள்ளி இடுங்கள். வெளியிலிருந்து நிறுவிய பேக்கேஜ் எது, நோடின் சொந்தச் சரக்கு எது என்று பார்த்தவுடன் தெரியும்.

படி 3: முதல் சர்வர்

சர்வர்.ஜேஎஸ் என்று ஒரு ஃபைல். முதல் வரியில் எச்டிடிபி மாட்யூலிலிருந்து கிரியேட்சர்வர் ஃபங்ஷனை இம்போர்ட் செய்யுங்கள். அதை அழைக்கும்போது ஒரு ஃபங்ஷனை உள்ளே கொடுக்க வேண்டும். யாராவது உங்கள் சர்வரை அணுகும் ஒவ்வொரு முறையும் நோட் அந்த ஃபங்ஷனை அழைக்கும்; கூடவே இரண்டு ஆப்ஜெக்ட்களைத் தரும். ரெக் என்பது வந்த கேள்வி, ரெஸ் என்பது நீங்கள் அனுப்பப்போகும் பதில். ஃபங்ஷனுக்குள் இரண்டே வரி: ரெஸ்.ரைட்ஹெட் கொண்டு 200 என்ற நிலை எண்ணையும் ஹெடர்களையும் எழுதுங்கள், பிறகு ரெஸ்.எண்ட் கொண்டு வணக்கம் என்ற ஸ்ட்ரிங்கை அனுப்புங்கள். கடைசியாக சர்வரின் லிசன் ஃபங்ஷனுக்கு 3000 என்ற போர்ட்டையும் 127.0.0.1 என்ற முகவரியையும் கொடுங்கள்.

நோட் சர்வர்.ஜேஎஸ் என்று ஓட்டினால் டெர்மினல் அப்படியே நின்றுவிடும். தொங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஆள் வருவதற்காகக் காத்திருக்கிறது. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, முக்காற்புள்ளி இட்டு 3000 கொடுங்கள். நிறுத்த கண்ட்ரோல் சி.

கன்டென்ட்-டைப் ஹெடரில் டெக்ஸ்ட்/ப்ளெய்ன் என்று மட்டும் எழுதியிருந்தீர்கள் என்றால், வணக்கத்துக்குப் பதிலாக மேலே கோடு போட்ட இலத்தீன் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்க வாய்ப்புண்டு. நோட் யுடிஎஃப்-8 பைட்களாகத்தான் சரியாக அனுப்பியது. பிரவுசருக்கு அது தெரியாததால் ஏதோ மேற்கத்திய எழுத்துமுறை என்று ஊகித்துக்கொண்டது. அதே ஹெடரில் அரைப்புள்ளி இட்டு சார்செட் யுடிஎஃப்-8 என்று சேர்த்தால் சரியாகிவிடும். ஜேசனாக அனுப்பும்போது இந்தத் தொல்லை இல்லை, அதன் தரமே யுடிஎஃப்-8.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் சந்திக்கும் சில விஷயங்கள். ரெஸ்.எண்ட் அழைக்க மறந்தால் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும். நோட் உங்களுக்காகப் பதிலை முடித்துவைக்காது. இஅட்ரின்யூஸ் என்று பிழை வந்தால் அந்தப் போர்ட்டில் ஏற்கெனவே ஏதோ ஓடுகிறது, பெரும்பாலும் வேறொரு டெர்மினலில் நீங்களே விட்டுவிட்ட பழைய சர்வர். ஒரு பக்கத்தைத்தான் திறந்தோம், லாகில் இரண்டு ரெக்வெஸ்ட் தெரிகிறதே என்றால், இரண்டாவது பிரவுசர் தானாகவே கேட்கும் ஃபேவிகான்.

கோடை மாற்றும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி ஓட்டுவது அலுத்துப்போகும். நோட் --வாட்ச் சர்வர்.ஜேஎஸ் என்று ஓட்டினால் ஃபைல் மாறும்போது தானே மறுபடி தொடங்கும். முன்பு இதற்கு நோட்மான் என்ற பேக்கேஜ் தேவைப்பட்டது, இப்போது தேவையில்லை.

படி 4: எந்த முகவரிக்கு என்ன பதில்

எல்லா முகவரிக்கும் ஒரே வணக்கம் சொல்லும் சர்வரால் பயனில்லை. ரெக்.மெத்தட் என்பதில் கெட், போஸ்ட் போன்ற வினை இருக்கும். ரெக்.யுஆர்எல் என்பதில் பாதையும் கேள்விக்குறிக்குப் பின் வரும் தேடல் பகுதியும் ஒட்டியே வரும். அதை, எச்டிடிபி-யோடு தொடங்கும் ஓர் அடிப்படை முகவரியையும் சேர்த்து, யுஆர்எல் கிளாஸிடம் கொடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கையால் வெட்ட ஆரம்பித்தால் சதவீதக் குறிகளில் மாட்டிக்கொள்வீர்கள். பிரவுசர் முகவரியில் தமிழில் ஒரு சொல் அடித்தால் அது அப்படியே வராது, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு வரும். சர்ச்பாராம்ஸ் வழியாக எடுத்தால் மறுபடி தமிழாகிவிடும். பாதைப் பகுதிக்கு மட்டும் டிகோட்யுஆர்ஐகம்போனன்ட் என்ற ஃபங்ஷனை நீங்களே அழைக்க வேண்டும்.

பிறகு வெறும் இஃப் வரிசைதான். கெட் வந்து பாதை புக்ஸ் என்றால் பட்டியல். போஸ்ட் வந்தால் சேர். டெலீட் வந்தால் நீக்கு. எதுவும் பொருந்தாவிட்டால் 404. ஒவ்வொரு இஃபுக்குள்ளும் பதில் அனுப்பியதும் ரிட்டர்ன் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் கோட் கீழே தொடர்ந்து ஓடி 404-ஐயும் அனுப்பப் பார்க்கும்; ஹெடர்கள் ஏற்கெனவே போய்விட்டன என்ற பிழை வரும். நோட் உலகில் இந்தப் பிழையைச் சந்திக்காதவர் இருக்க முடியாது.

பட்டியலைப் பெயர் வரிசையில் காட்ட அரேயின் சார்ட் ஃபங்ஷனை வெறுமனே அழைத்தால், அது யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் ன, ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் நிற்கிறது. ற, ர-வுக்குப் பக்கத்தில். ழ, வ-வுக்கு முன்னால். நம் நெடுங்கணக்கு அப்படியில்லை. இன்டல் என்பதற்குள் இருக்கும் கொலேட்டரை, தமிழைக் குறிக்கும் டிஏ என்ற குறியீட்டோடு உருவாக்கி, அதன் கம்பேர் ஃபங்ஷனை சார்ட்டிடம் கொடுங்கள். வரிசை சரியாகிவிடும்.

தேடல் வைக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று. கொ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே யூனிகோட் குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் எகரக் கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஜாவாஸ்கிரிப்டுக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் ஃபங்ஷனை ஒருமுறை அழைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

படி 5: நிகழ்வுச் சுழற்சி

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகத் தாண்டாதீர்கள். நோடில் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஒரே இழையில் (த்ரெட்) ஓடுகிறது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் உங்கள் ஃபங்ஷன் ஒரு சமயத்தில் ஒருவருக்காகத்தான் ஓடும். அப்படியானால் எப்படி வேகம்?

ஓர் ஆள் நடத்தும் ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். இருநூறு பக்க நோட்ஸை மெஷினில் போட்டுவிட்டு அவர் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, அடுத்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார். மெஷின் முடித்ததும் எடுத்துக் கொடுக்கிறார். ஆள் ஒருவர்தான், ஆனால் கடை நிற்பதில்லை. அதே ஆள் யாரோ ஒருவருக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பித் தருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டால்? மெஷின்கள் முடித்துவிட்டுச் சும்மா நிற்கும், வரிசை தெருவரை நீளும்.

டேட்டாபேஸுக்குக் கேள்வி அனுப்புவது, ஃபைல் படிப்பது, வேறொரு சர்வரை அழைப்பது எல்லாம் மெஷினில் போடும் வேலைகள். லிப்யுவி பார்த்துக்கொள்ளும்; முடிந்ததும் உங்கள் கால்பேக்கோ (முடிந்தபின் அழைக்கச் சொல்லிக் கொடுத்த ஃபங்ஷன்) அவெய்ட்டுக்கு அடுத்த வரியோ ஓடும். முடிந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் நிகழ்வுச் சுழற்சி என்று பெயர். நெட்வொர்க் வேலைகளை ஆப்பரேட்டிங் சிஸ்டமே கவனித்துச் சொல்லிவிடும். ஃபைல் வேலை, சில கிரிப்டோ வேலைகள், சுருக்குதல் போன்றவற்றுக்கு லிப்யுவி தனியாக இழைகள் வைத்திருக்கிறது, இயல்பாக நான்கு.

இதை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். இரண்டு பாதைகளைச் சேருங்கள். முதலாவதில் செட்டைம்அவுட் கொண்டு பத்து விநாடி கழித்துப் பதில் அனுப்புங்கள். இரண்டாவதில் டேட்.நவ் மதிப்பைப் பார்த்துக்கொண்டே பத்து விநாடி சுற்றும் ஒரு ஒயில் லூப்பை எழுதி, அது முடிந்ததும் பதில் அனுப்புங்கள். முதல் பாதையைத் திறந்துவிட்டு உடனே இன்னொரு டேபில் புத்தகப் பட்டியலைத் திறங்கள்: பட்டியல் உடனே வரும். அப்புறம் இரண்டாவது பாதையைத் திறந்துவிட்டு அதே போல் செய்யுங்கள்: லூப் முடியும்வரை பட்டியலும் வராது. முதலாவதில் சர்வர் காத்திருந்தது, இரண்டாவதில் மாட்டிக்கொண்டது.

யாரும் வேலை நேரத்தில் அப்படியொரு லூப் எழுத மாட்டார்கள்தான். ஆனால் அதே விளைவைத் தருபவை இருக்கின்றன. பெயரின் கடைசியில் சிங்க் என்று முடியும் ஃபங்ஷன்கள், ரீட்ஃபைல்சிங்க் போல. பல மெகாபைட் ஜேசனை ஒரே மூச்சில் பார்ஸ் செய்வது. மோசமாக எழுதிய ரெகுலர் எக்ஸ்பிரஷன். சர்வர் தொடங்கும்போது கான்ஃபிக் ஃபைலை சிங்க் முறையில் படித்தால் குற்றமில்லை, அப்போது யாரும் வரிசையில் இல்லை. ரெக்வெஸ்ட் வந்த பிறகு கூடாது. படத்தைச் சிறிதாக்குவது, பெரிய கணக்கு போடுவது போன்ற உண்மையான கணிப்பு வேலை இருந்தால் ஒர்க்கர் த்ரெட்ஸ் என்ற தனி ஏற்பாடு உண்டு. அது உங்களுக்கு இப்போது வேண்டாம்.

அவெய்ட் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அவெய்ட் போட்டால் சர்வர் முழுதும் நிற்கும் என்று. நிற்பது அந்த ஃபங்ஷன் மட்டும்தான். மறுபக்கம், லூப்பை அசிங்க் ஃபங்ஷனுக்குள் தூக்கி வைத்துவிட்டால் அது தடுக்காது என்பதும் தவறு. உள்ளே அவெய்ட் செய்ய உண்மையாக ஏதாவது இருந்தால்தான் இழை விடுபடும்.

படி 6: வருவதை வாங்குதல்

போஸ்ட் ரெக்வெஸ்டின் உள்ளடக்கம் ரெக் ஆப்ஜெக்டில் தயாராக இருக்காது, துண்டு துண்டாக வந்து சேரும். ஃபார் அவெய்ட் லூப் கொண்டு ரெக்-கிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுக்கலாம்.

இணையத்தில் நிறைய இடங்களில் இதை எப்படி எழுதியிருப்பார்கள் என்றால், காலி ஸ்ட்ரிங் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் அதோடு கூட்டிக்கொண்டே போவார்கள். ஆங்கிலத்தில் ஒருநாளும் பிரச்சினை வராது, அங்கே ஓர் எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். தமிழ் என்ற சொல்லின் லெங்த் ஜாவாஸ்கிரிப்டில் 5, பைட் கணக்கில் 15. பெரிய உள்ளடக்கம் வரும்போது ஓர் எழுத்தின் இரண்டு பைட் ஒரு துண்டிலும் மூன்றாவது பைட் அடுத்த துண்டிலும் விழக்கூடும். தனித்தனியே ஸ்ட்ரிங் ஆக்கினால் அந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்து உட்கார்ந்துவிடும். சின்னச் சோதனைகளில் தெரியாது, எப்போதாவதுதான் வரும், பிடிக்க முடியாது.

சரியான முறை எளிது. துண்டுகளை ஓர் அரேயில் பஃபராகவே, அதாவது பைட்களாகவே, சேருங்கள். எல்லாம் வந்த பிறகு பஃபர்.கன்கேட் கொண்டு ஒன்றாக்கி, ஒரே முறை ஸ்ட்ரிங்காக மாற்றுங்கள். சேர்க்கும்போதே மொத்த அளவைக் கணக்கிட்டு, ஒரு லட்சம் பைட் தாண்டினால் 413 (அளவு மிகப் பெரிது) என்று சொல்லி நிறுத்துங்கள். எல்லை வைக்காத சர்வருக்கு யார் வேண்டுமானாலும் முடிவில்லாமல் தரவு அனுப்பி நினைவகத்தை நிரப்பலாம். கன்டென்ட்-லெங்த் ஹெடரை நீங்களே எழுதுவதானால் அங்கும் பஃபர்.பைட்லெங்த் வேண்டும், ஸ்ட்ரிங்கின் லெங்த் கொடுத்தால் பதில் பாதியில் வெட்டுப்படும்.

பிறகு ஜேசன்.பார்ஸ். இதை டிரை, கேட்ச்-க்குள் வையுங்கள். கெட்டுப்போன ஜேசன் வந்தால் 400. சரியான ஜேசனாகவே இருந்தாலும் புத்தகப் பெயர் இருக்கிறதா, அது ஸ்ட்ரிங்தானா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் சேர்த்துவிட்டு 201 (உருவாக்கப்பட்டது). சோதிக்க, டெர்மினலிலிருந்தே ரெக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் போதும். விண்டோஸ் டெர்மினலில் தமிழ் அடித்தால் சில நேரம் சிதைவதால், ஃபெட்ச் கொண்டு ஐந்து வரியில் தனி ஃபைல் எழுதி நோடிலேயே ஓட்டிவிடுவது மேல். நோட் 18-இலிருந்து ஃபெட்ச் உள்ளேயே இருக்கிறது.

படி 7: எங்கே சேமிப்பது

இதுவரை பட்டியல் ஓர் அரேயில் இருக்கிறது, சர்வரை நிறுத்தினால் போய்விடும். ஜேசன் ஃபைலில் எழுதலாமே என்று தோன்றும். இரண்டு ரெக்வெஸ்ட்கள் ஒரே நேரத்தில் ஃபைலைப் படித்து, ஆளுக்கொரு புத்தகத்தைச் சேர்த்து, மறுபடி எழுதினால் இரண்டாவது எழுதியது முதலாவதை அழித்துவிடும். அதனால் நேராக எஸ்க்யூலைட்டுக்குப் போங்கள். தனி டேட்டாபேஸ் சர்வர் தேவையில்லை, ஒரே ஃபைல். நோட் 22.5-இல் எஸ்க்யூலைட் மாட்யூல் ஒன்று பரிசோதனை நிலையில் உள்ளேயே சேர்ந்தது. என்பிஎம்-இல் கிடைக்கும் பெட்டர்-எஸ்க்யூலைட்3 நீண்ட நாள் பழகியது. இரண்டுமே சிங்க் முறையில் வேலை செய்பவை. கூடாது என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்றால், ஆமாம். ஆனால் நூறு புத்தகப் பட்டியலில் ஒரு கேள்விக்கு ஆகும் நேரம் பொருட்படுத்த வேண்டாத அளவு. பெரிதாக வளர்ந்தால் போஸ்ட்கிரெஸ் என்ற தனி டேட்டாபேஸ் சர்வர்.

எஸ்க்யூஎல் வரிக்குள் பயனர் அனுப்பிய பெயரை நேராக ஒட்டாதீர்கள். அந்த இடத்தில் கேள்விக்குறி வைத்து, மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். இதில் விதிவிலக்கே கிடையாது.

படி 8: இப்போது எக்ஸ்பிரஸ்

இவ்வளவு எழுதிய பிறகு சர்வர்.ஜேஎஸ் ஃபைலைப் பாருங்கள். இஃப் வரிசை நீண்டிருக்கும். உள்ளடக்கம் வாங்கும் கோட் இரண்டு மூன்று இடத்தில் இருக்கும். பாதையிலிருந்து புத்தக எண்ணைப் பிய்த்தெடுக்கும் வரிகள் அசிங்கமாக இருக்கும். எக்ஸ்பிரஸ் தீர்ப்பது இவற்றைத்தான். டிஜே ஹோலோவேசுக் 2010-இல் வெளியிட்டது. என்பிஎம் இன்ஸ்டால் எக்ஸ்பிரஸ் என்று அடித்தால் இப்போது 5ஆம் பதிப்பு வருகிறது.

ஆப்.கெட், ஆப்.போஸ்ட் என்று பாதைக்கு ஒரு ஃபங்ஷன். முக்காற்புள்ளி இட்டு ஐடி என்று பாதையில் எழுதினால் அது ரெக்.பாராம்ஸில் கிடைக்கும். நீங்கள் பாடுபட்டு எழுதிய துண்டு சேர்க்கும் வேலையை எக்ஸ்பிரஸ்.ஜேசன் என்ற மிடில்வேர் ஒரே வரியில் செய்துவிடும், 100 கிலோபைட் எல்லையோடு. அதை ஆப்.யூஸ் மூலம் சேர்க்க மறந்தால் ரெக்.பாடி அன்டிஃபைன்டு ஆகவே இருக்கும்.

மிடில்வேர் என்ற பெயர் மிரட்டினாலும் உள்ளே இருப்பது சாதாரண ஃபங்ஷன். ரெக், ரெஸ், நெக்ஸ்ட் என்று மூன்றை வாங்கும். தன் வேலையைச் செய்துவிட்டு நெக்ஸ்ட்டை அழைத்தால் அடுத்தது ஓடும், அழைக்காமல் பதில் அனுப்பினால் அங்கேயே முடியும். எழுதிய வரிசையில்தான் ஓடும் என்பதால், உள்நுழைவு சோதிக்கும் மிடில்வேரைப் பாதைகளுக்குக் கீழே வைத்தால் யாரும் சோதிக்கப்பட மாட்டார்கள். பிழைகளைப் பிடிக்க நான்கு அளவுருக்கள் கொண்ட ஃபங்ஷனை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். நான்கில் ஒன்றைப் பயன்படுத்தவில்லை என்று நீக்கினால் எக்ஸ்பிரஸ் அதைப் பிழை பிடிப்பானாகவே மதிக்காது.

5ஆம் பதிப்பில் அசிங்க் ஃபங்ஷனுக்குள் எழும் பிழை தானாகவே அந்தக் கடைசி ஃபங்ஷனுக்குப் போகிறது. 4-இல் அப்படியில்லை, பழைய பாடங்களில் எல்லா இடத்திலும் டிரை, கேட்ச், நெக்ஸ்ட் என்று இருப்பது அதனால்தான். வெறும் நட்சத்திரக் குறி கொண்டு எல்லாப் பாதையையும் பிடிக்கும் பழைய வழக்கமும் 5-இல் பிழை தரும், நட்சத்திரத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.

ஃபாஸ்டிஃபை, ஹோனோ போன்றவையும் நல்லவை. அடித்தளம் தெரிந்துவிட்டதால் எதை எடுத்தாலும் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

என்பிஎம்-ஐ நம்பும் அளவு

எக்ஸ்பிரஸ் ஒன்றைத்தான் கேட்டீர்கள். நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் பல டஜன் பேக்கேஜ்கள் இருக்கும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்-இலிருந்து எடுத்துவிட்டார். அதை எங்கோ ஆழத்தில் நம்பியிருந்த எத்தனையோ ப்ராஜெக்ட்களின் பில்ட் உடைந்தது. ஸ்ட்ரிங்குக்கு முன்னால் இடைவெளி நிரப்பும் வேலைக்கு ஒரு பேக்கேஜ் எதற்கு என்ற கேள்வி அன்று எழுந்தது. புதிதாக எதையாவது நிறுவும் முன் நீங்களும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

பேக்கேஜ்-லாக்.ஜேசன் ஃபைலை, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் சேருங்கள். நோட்_மாட்யூல்ஸை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் போடுங்கள். பேக்கேஜ்.ஜேசனில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் இருக்கும் கூரைக் குறி, முதல் எண் மாறாதவரை புதியதை ஏற்கலாம் என்று சொல்கிறது. லாக் ஃபைல் இன்று நிறுவியது எது என்று துல்லியமாகப் பிடித்து வைக்கிறது. வெளி சர்வரில் என்பிஎம் இன்ஸ்டால் வேண்டாம், என்பிஎம் சிஐ. அது லாக் ஃபைலில் இருப்பதைத் தவிர வேறெதையும் நிறுவாது.

படி 9: வெளியே கொண்டுபோகும் முன்

போர்ட் எண், டேட்டாபேஸ் இடம், ரகசியச் சாவிகள் எதையும் கோடில் எழுதாதீர்கள். ப்ராசஸ்.என்வ் என்பதிலிருந்து படியுங்கள். உங்கள் கணினியில் .என்வ் என்ற ஃபைலில் வைத்து, நோட் ஓட்டும்போது --என்வ்-ஃபைல் என்ற தெரிவைக் கொடுத்தால் போதும், 20.6-இலிருந்து தனி பேக்கேஜ் தேவையில்லை. அந்த ஃபைல் கிட்டுக்குள் போகக் கூடாது. ஒருமுறை போய்விட்டால் அழித்தாலும் வரலாற்றில் இருக்கும், சாவியையே மாற்ற வேண்டியதுதான்.

கேட்ச் இல்லாமல் விட்ட பிராமிஸ் பிழை, நோட் 15 முதல் சர்வரையே நிறுத்திவிடும். இது நல்லதுதான். எல்லாப் பிழைகளையும் ஒரே இடத்தில் விழுங்கி சர்வரைத் தொடர்ந்து ஓட வைக்கலாம் என்று அன்காட்எக்ஸெப்ஷன் நிகழ்வைப் பிடித்து எழுதுபவர்கள் உண்டு. பாதி எழுதிய நிலையில் நிற்கும் ஒரு சர்வரைத் தொடர்ந்து ஓட்டுவது, விழுந்து எழுவதைவிட மோசம். விழட்டும், நின்றுபோன ப்ராசஸை மறுபடி தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி-யோ பிஎம்2-வோ எழுப்பட்டும்.

கன்டெய்னரிலோ ஹோஸ்டிங் தளத்திலோ ஏற்றும்போது, தொடக்கத்தில் லிசன்-க்குக் கொடுத்த 127.0.0.1-ஐ 0.0.0.0 ஆக்குங்கள். இல்லாவிட்டால் உள்ளே நன்றாக ஓடிக்கொண்டே வெளியிலிருந்து யாருக்கும் எட்டாது. சொந்த லினக்ஸ் மெஷின் என்றால் 127.0.0.1 அப்படியே இருக்கட்டும், முன்னால் என்ஜின்எக்ஸ், கேடி போன்ற ஒரு வெப் சர்வரை வைத்து எச்டிடிபிஎஸ்-ஐ அதனிடம் விடுங்கள்.

புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய ப்ராசஸுக்கு சிக்டெர்ம் என்ற சிக்னல் வரும். அதைக் கவனிக்காவிட்டால் நோட் அந்தக் கணமே நின்றுவிடும். பாதி பதில் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இணைப்பு அறுபடும். ப்ராசஸ்.ஆன் கொண்டு அந்த சிக்னலைப் பிடித்து சர்வர்.குளோஸ் அழைத்தால், புதிதாக யாரையும் வாங்காமல், உள்ளே இருப்பவர்களுக்குப் பதில் முடித்துக் கொடுக்கும். அந்த குளோஸுக்குக் கொடுக்கும் கால்பேக்கில் டேட்டாபேஸை மூடுங்கள். எங்காவது ஓர் இணைப்பு மாட்டிக்கொண்டால் ப்ராசஸ் நிற்காமலே இருக்கும், அதனால் பத்து விநாடிக்கு ஒரு டைமர் வைத்து, அதற்குள் முடியாவிட்டால் ப்ராசஸ்.எக்ஸிட்.